விருந்தாளிக்குப் போடாத களி

இந்த மலைமேல் எங்கள் பைல் நாட்டு ஊர்களில் விருந்தாளிக்குக் களி போட்டால், வந்தவர் சும்மா இருந்தாலும் அக்கம்பக்கம் சும்மா இருக்காது. "நெல்லுச்சோறு ஆக்கக்கூடவா வக்கில்ல?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் ராகிக்களி எங்களுக்கு, அரிசிச்சோறு வருகிறவர்களுக்கு. நானும் அப்படித்தான் குடும்பம் நடத்தி வந்தேன்.

போன பொங்கல் லீவுக்கு, சேலத்தில் நர்சிங் படிக்கும் என் மகள், ரூமில் கூடத் தங்கியிருக்கும் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நைஜீரியாக்காரப் பெண். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, ஆனால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மகள் என்னைத் தனியே இழுத்தாள்.

"அம்மா, மெஸ் சோறு அவளுக்கு எறங்கவே மாட்டேங்குது. படிப்ப உட்டுட்டு ஊருக்கே போறேங்கறா. நீதான் எப்படியாவது நாலு வாய் திங்க வெக்கணும்."

விடுவேனா நான்? வளர்த்த சேவலை அடித்துக் குழம்பு வைத்தேன். வடை சுட்டேன். செம்மேட்டுக் கடையிலிருந்து பரோட்டாகூட வந்தது. அவளோ குருவி மாதிரி கொத்திவிட்டுக் கையைக் கழுவினாள். எனக்குப் பொல்லாத கோபம். பாத்திரங்களை டங்கு டங்கென்று வைத்தேன். உள்ளுக்குள் பயம்தான். என் மகளும் இப்படி ஏதோ ஒரு தேசத்தில் வயிறு காய்ந்து உட்கார்ந்திருந்தால்?

மறுநாள் மத்தியானம், இருவரும் மிளகுத் தோட்டம் பார்க்கப் போன நேரத்தில், எனக்கென்று களி கிண்டினேன். ஒரு உருண்டையைக் கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், தோட்டத்திலிருந்து திரும்பிய தோழி அடுப்படி வாசலில். களியைப் பார்க்கவில்லை, என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். களியை மெல்லக் கூடாது. வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். டவுனுக்குப் போன என் மகள் இப்போது அதை மென்று தின்று என்னிடம் திட்டு வாங்குகிறாள்.

அந்தப் பெண் கேட்கவில்லை கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து என் தட்டிலேயே கை வைத்தாள். கிள்ளினாள், உருட்டினாள், கட்டைவிரலால் குழி அமுக்கிக் கீரையை அள்ளினாள். ஒரே விழுங்கு. பல்லே படவில்லை!

"அட சாமி! யாரு கண்ணு உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

பின்னாலேயே வந்த மகள் அவளிடம் கேட்டுச் சொன்னாள். நாங்கள் ஜவ்வரிசி ஆலைக்கு லாரியில் ஏற்றிவிடும் அதே மரவள்ளிக் குச்சிக்கிழங்கில், அவர்கள் ஊரில் களி மாதிரி கிண்டுவார்களாம். மென்றால் அவள் அம்மா தலையில் குட்டுவாளாம். அதைச் சொல்லும்போதே அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அடுத்த உருண்டையையும் உருட்டினாள்.

"தின்னு சாமி, தின்னுட்டு அழு," என்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு வேண்டியதை அடுப்படியில் ஒளித்து வைத்துக்கொண்டு, வேண்டாததையெல்லாம் இலையில் பரப்பியிருக்கிறேன்.

கிளம்பும்போது ராகி மாவும், நான் களி கிண்டும் துடுப்பும் கொடுத்தனுப்பினேன். படிப்பை விடுகிறாளா, இருக்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. பஸ் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்வரை தோழிகள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டே போனார்களாம்.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள். "அம்மா, அவ போகல. இப்ப ரூம்ல அவதான் களி கிண்டறா."

"நல்லா வருதா?"

மகள் சிரித்தாள். "உன்னுதுல கட்டி இருந்துச்சாம். அவளுதுல இல்லியாம்."

என் களியிலா கட்டி? இந்த மலையில் ஒருத்தரும் சொல்லாத சொல்!

"அவள இங்க வரச்சொல்லு," என்று கத்தினேன். "பக்கத்து ஊட்டுக்காரங்கள எல்லாம் கூப்புட்டு உக்கார வெக்கறேன். அவ வந்து கிண்டட்டும். அன்னிக்கு எங்கூட்டு விருந்தே களிதான்."