தூசிக்கு ஒரு வாழைப்பழம்

போன ஞாயிறு செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போனோம். என் தாய்மாமா செல்வராசு — நாற்பத்திரண்டு வயது, கல் குவாரியில் பாறைக்கு டிரில் போடுகிறவர் — பாதிப் படிக்குள் மூன்று முறை உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் என்னைத் துரத்திக்கொண்டு ஏறிய மனுஷன்!

"என்ன மாமா, இப்படி மூச்சு வாங்குது?"

"முருகன் நிதானமா வரச் சொல்றாரு புள்ள."

"தூசிதான் மாமா. எக்ஸ்ரே எடுங்க."

"தூசியா? அதான் தெனம் பழம் தின்னுடுறனே!"

அவர் குவாரியில் அது வழக்கம். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம், முதலாளி கையால். தூசியை அடித்துக்கொண்டு போய்விடுமாம். போகும்தான்... ஆனால் பழம் போவது வயிற்றுக்கு, தூசி போனது நுரையீரலுக்கு. இரண்டும் எந்த பஸ் ஸ்டாண்டில் சந்திக்கும்?

பயோகெமிஸ்ட்ரி படித்த வாய் சும்மா இருக்குமா? படியிலேயே பாடத்தை ஆரம்பித்தேன். நுரையீரலில் காவல்கார செல்கள் உண்டு. எது வந்தாலும் விழுங்கும். கிருமி என்றால் செரித்துவிடும். பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்கா கல்லாச்சே! செரிக்காது, உள்ளேயிருந்து கிழிக்கும். உடனே செல் ரசாயனத்தால் அலறும் — ‘ஆபத்து, ஓடி வாங்க!’ அலறிவிட்டுச் சாகும். அதே துகள் வெளியே விழும். ஓடிவந்த அடுத்த செல் என்ன செய்யும்? அதையே விழுங்கும், மகா புத்திசாலி!

"எழவு வூட்டுக்கு வந்தவனெல்லாம் அங்கயே சாவுற மாதிரில்ல இருக்கு?" மாமா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அதேதான். அலறலைக் கேட்டு வேற செல்லு வந்து தழும்பு போட்டு அடைக்கும். விழுந்த தழும்பு போகாது மாமா."

இப்போது அவர் சிரிக்கவில்லை. "எக்ஸ்ரேல ஏதாச்சும் தெரிஞ்சா வேலை போயிடுமே புள்ள..."

"மூச்சு இருந்தாத்தான மாமா வேலை?" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரம்பலூரில் எடுத்துவிட்டோம். தழும்பு இருக்கிறது. ஆரம்பம்தான், இனி தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் முதலாளி பழத்தை நீட்டியபோது மாமா கையைக் கட்டிக்கொண்டாராம். "பழம் வேணாங்க. லாரி ரோட்டுக்கு அடிக்கிற தண்ணிய டிரில் போடுற எடத்துலயும் அடிங்க. எனக்கு ஆபீஸ்ல வேலை குடுங்க." பின்னால் நின்ற நாலு பேரும் பழத்துக்குக் கை நீட்டவில்லை.

இரண்டே நாளில் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. மாமா இப்போது ஆபீஸில் லாரிகளுக்கு டோக்கன் கிழிக்கிறார்.

பழத்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றேன்... மலச்சிக்கலுக்கு நல்லதாச்சே!