திரும்பும் நாளைச் சொன்னேன்

துருக்கியின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் அமாசியா என்றோர் ஊர் இருக்கிறது. நான் போனதில்லை. அங்கே பார்க்க வேண்டியவற்றை ஆறு வருடங்களாக ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய டைரியிலிருந்து புது டைரிக்குப் பெயர்த்து எழுதி வருகிறேன்.

ஊரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயருக்கு அவர்கள் மொழியில் பச்சையாறு என்று பொருள். களக்காட்டு மலையிலிருந்து இறங்கித் தாமிரபரணியில் சேரும் எங்கள் பச்சையாற்றின் நினைவில்தான் முதலில் அதைப் பற்றிப் படித்தேன். வடகரையில் பழைய மதிலின் மேல் மரவீடுகள். அவற்றின் மாடிகள் தண்ணீரை எட்டிப் பார்க்கும். வீடுகளுக்குப் பின்னால் செங்குத்துப் பாறையில் பழங்கால அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். தென்கரையில் சுல்தான் பெயரிலுள்ள பள்ளிவாசல், முற்றத்தில் மிகப் பழைய மரங்கள். மனநோயாளிகளுக்கு இசையாலும் நீரோசையாலும் வைத்தியம் பார்த்ததாகச் சொல்லப்படும் மருத்துவமனை. கடைசியாக, ஊருக்கு வெளியே பாறையை வெட்டிய ஒரு கால்வாய். யாரோ ஒருவன் காதலிக்காக வெட்டினான் என்று கதை.

என் மனைவிக்கு அந்தக் கால்வாய் போதும். பத்தமடையில் பிறந்து, கன்னடியன் கால்வாயில் குளித்து வளர்ந்தவள். "கல்லறைய நீங்க ஏறிப் பாருங்க. நான் கால்வாய்க்கரையில உக்காந்திருக்கேன்" என்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் உம்ரா போக நாள் குறித்தோம். உடன் வரும் ஊர்க்காரர்கள் மக்காவிலிருந்து நேரே ஊர் திரும்ப, நாங்கள் இருவர் மட்டும் நான்கு நாள் துருக்கியில் தங்கி வருவதாகத் திட்டம். வண்ணார்பேட்டையில் பயண ஏற்பாடு செய்பவரிடம் என் பட்டியலை வாசித்துக் காட்டினேன்.

"அண்ணாச்சி, துருக்கின்னா எல்லாரும் இஸ்தான்புல்தான் கேப்பாங்க. இது ஊர் பாக்கப் போற மாதிரி இல்லையே, பரீட்சைக்குப் போற மாதிரில்லா இருக்கு" என்றார்.

புறப்படுமுன் எங்கள் பக்கத்தில் உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, எங்களுக்காக இறைவனிடம் துஆ செய்யச் சொல்லி விடைபெறுவது. திரும்பும் நாளை யாரும் சொல்வதில்லை. கேட்டாலும், "இன்ஷா அல்லாஹ், சீக்கிரம்" என்பதோடு சரி.

கடைசியாகப் பத்தமடையில் மாமியார் வீட்டுக்குப் போனோம். "எப்பம் வாரிய, மாப்ள?" என்று மாமி கேட்டார். நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, கிழமை, தேதி, விமானம் இறங்கும் நேரம் வரை வாசித்தேன்.

"மத்தவங்கள்லாம் செவ்வாக்கெழம வந்துருவாங்க. நீங்க மட்டும் சனிக்கெழமையா?" மாமி கட்டைவிரலால் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி, சனி. சனிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

பேருந்து பேட்டை வந்ததும் மனைவி என் பக்கம் திரும்பினாள். "அந்த நாலு நாளு வேண்டாம். உம்மா எண்ண ஆரம்பிச்சிட்டா. இனி தூங்கமாட்டா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாரோடும் திரும்பினோம். பட்டியலை அந்த ஜனவரியிலும் எழுதினேன், அடுத்த ஜனவரியிலும் எழுதினேன். மனைவி வாரந்தோறும் பத்தமடைக்குப் போய்வருகிறாள். எப்போது போகலாம் என்று நான் கேட்கவில்லை. மாமி இருக்கும்வரை அவள் கிளம்பமாட்டாள்; எந்த நாளைக் கேட்டாலும் மாமிக்கு ஏதாவது ஆகட்டும் என்று காத்திருப்பதுபோல் ஆகிவிடும்.

போன வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். பாயில் உட்கார்ந்திருந்த மாமி திடீரென்று கேட்டார்: "அந்த ஊருல அப்படி என்னதான் இருக்கு, மாப்ள?"

ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமி கால்வாயை மட்டும் பிடித்துக்கொண்டார். "அதுல இப்பவும் தண்ணி ஓடுதா?"

"இல்ல மாமி. வெட்டின தடம் மட்டுந்தான் இருக்காம்."

"தண்ணியில்லாத கால்வாய்க்கா இவ அந்த அழுக அழுதா?"

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவள் அழுதது என் டைரியில் எந்தப் பக்கத்திலும் இல்லை. எனக்குத் தெரியாமல், உம்மாவிடம் வந்து அழுதிருக்கிறாள்.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மட்டம் பயணம் சொல்ல வந்தா எங்கிட்ட நாளச் சொல்லாதிய. நான் கேட்டாலும் சொல்லாதிய. வெளங்குதா?"

திரும்பும்போது கன்னடியன் கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி இல்லன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீங்க?"

"சொன்னா நீ வரமாட்டியோன்னு நெனச்சேன்."

கால்வாய் கண்ணைவிட்டு மறையும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவேன்" என்றாள்.