கேஜ் வீல் மாட்டிய டிராக்டரின் புல்லி போல்ட்

வியாழக்கிழமை காலை பத்து நாற்பது. பண்ணையார் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதால் அந்த நேரம் எனக்கு நிமிடம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"பத்து நாப்பது ஆச்சு மெக்கானிக். பன்னெண்டு மணிக்குள்ள வண்டி வயல்ல எறங்கணும். முடியுமா, முடியாதா?"

"எறங்கிடுங்க" என்றேன்.

போல்ட்டைத் தொட்டுப் பார்க்காமல் நேரம் சொல்லக் கூடாது. ஐ.டி.ஐ.யில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தது. குடவாசலில் பட்டறை போட்டுப் பதினெட்டு வருடம் ஆன பிறகும் அதை நான் மீறினேன். காரணம் இருந்தது. என் மகள் கயல்விழிக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தோம். அடுத்த வாரம் நேர்முகம். அமைச்சர் வரை பேசக்கூடியவர் இந்தப் பண்ணையார். அவர் கையால் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு மாதமாக நான் தூங்கவில்லை. மார்க் போதாது என்று இல்லை. மார்க் மட்டும் போதுமா என்ற பயம்.

ஃபேன் போல்ட் நான்கு

பண்ணையார் வீட்டுக் களத்தில் நின்ற டிராக்டரின் கிராங்க் புல்லியில் விளிம்பு உடைந்திருந்தது. பெல்ட் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கழன்று விழும், ஃபேன் நின்றுவிடும், ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கும். புதுப் புல்லியைப் பண்ணையார் வாங்கி மட்கார்டு மேல் வைத்திருந்தார். பழையதைக் கழற்றுவதுதான் வேலை. முதலில் ஃபேனைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் கீழே இருக்கும் புல்லியின் நடுபோல்ட்டுக்குக் கை போகும்.

என்னோடு வந்தவன் மாரிமுத்து. ஒன்பது வருடமாகப் பட்டறையில் எனக்குக் கூட்டாளி. கயல்விழி அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். பொறுமையான கை அவனுக்கு. ஃபேன் போல்ட்டில் இரண்டு சாதாரணமாக வந்தன. மூன்றாவதற்கு மண்ணெண்ணெய் விட்டு, தலையில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தான். நான்காவது போல்ட் தலை முனை மழுங்கிப்போய் ஸ்பேனர் வழுக்கியது. அதன் ஓரத்தில் உளியை வைத்து, கழலும் பக்கமாகத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, பின்னாடி சக்கரத்தப் பாத்தியா?"

"என்ன?"

"கேஜ் வீல் மாட்டியிருக்காங்க."

சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம் அது.

"மாட்டியிருந்தா என்னடா?"

"ஐப்பசி கடைசில சேத்துல எறக்கி எதை உழுவப்போறாரு? இந்தச் சரகத்துல நடாத வயல் ஏதாச்சும் இருக்கா? எல்லாம் நட்டு இருவது நாளு ஆச்சு."

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுதினால் அது பொய். வந்து இறங்கியதும் நானும் அந்தச் சக்கரத்தைப் பார்த்திருந்தேன்.

மாரிமுத்துவின் அக்கா அஞ்சலை. அவள் புருஷன் இந்தப் பண்ணையாரின் நிலத்தில் நாலு மா குத்தகைக்குப் பயிர் வைத்தவன். அவன் இறந்ததும் நிலத்தை விடு என்றார் பண்ணையார். குத்தகைப் பதிவில் அவன் பேர் ஏறாத நிலம். அஞ்சலை விடாமல் சம்பா நட்டுவிட்டு, கோர்ட்டில் தடை கேட்டு மனுப் போட்டிருந்தாள். உத்தரவு அன்று கிடைக்கலாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதற்குள் பயிரை உழுது அழித்துவிட்டால் தடைக்கு வேலையே இல்லை.

"நம்ம வேலை இன்ஜினோட முடிஞ்சுது மாரி. அது எங்க போகுது, எதை மிதிக்குதுங்கறது நம்ம கணக்குல வராது" என்றேன். படித்தவன் பேசுகிற மாதிரியே பேசினேன்.

மாரி உளியைக் கீழே வைத்தான். எழுந்து போய்விடுவான் என்றே நினைத்தேன். போயிருக்கலாம்.

"பாப்பா சீட்டுக்குத்தானே?" என்றான்.

"ஆமாண்டா."

"நான் போனா இவரு வேற ஆளக் கூப்புடுவாரு. லெட்டரும் போயிரும். சரி விடு. ஒனக்காவ செய்யறேன். அந்தாளுக்குன்னு நெனச்சுக்காத."

மறுபடியும் உளியை எடுத்தான். நான்காவது போல்ட் வரும்போது மணி பதினொன்றேகால்.

நடுபோல்ட்

புல்லியின் நடுபோல்ட் எங்கள் கட்டைவிரலை விடத் தடிமன். போல்ட் கழலாமல் மடக்கிவைத்திருந்த லாக் பிளேட்டை நிமிர்த்தினோம். கியர் போட்டு, பிரேக்கை மிதித்துப் பூட்டி, சாக்கெட் கைப்பிடியில் நாலடி பைப்பைச் செருகி இருவரும் தொங்கினோம். போல்ட் அசையவில்லை. பைப்தான் வளைந்தது.

"டீசல் விட்டு ஒரு மணி நேரம் ஊறட்டும். அப்பறம் ப்ளோ லேம்ப்ப காட்டி, சூட்டோட ரெண்டு அடி குடுத்தா வந்துரும்ணே" என்றான் மாரி.

அதுதான் சரியான வழி. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அப்போது பண்ணையார் திரும்பவும் வந்து நின்றார்.

"என்ன மெக்கானிக், போல்ட்டுக்குப் பூசை போடுறீங்களா ரெண்டு பேரும்?"

"கொஞ்சம் முரண்டு பண்ணுதுங்க."

"முரண்டு பண்ணுறதயெல்லாம் வழிக்குக் கொண்டுவரத்தான் ஒங்கள வரச்சொன்னது."

எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. சாக்கெட் கைப்பிடியைச் சேசிஸில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியை ஒரு நொடி திருப்புவது. ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுண்டும். கைப்பிடி நகர இடமில்லாததால் போல்ட் கழன்று கொடுக்கும். இதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஸ்டாப் நாபை இழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டீசல் ஏறி இன்ஜின் ஓடிவிடும். முன்னால் நிற்பவன் "கை வெளியே" என்று சத்தமாகச் சொல்லும்வரை சாவியில் விரல் படக் கூடாது. இரண்டாவது எங்கள் பட்டறையில் நானே போட்ட சட்டம்.

"வேணாம்ணே. சாக்கெட்டு தேஞ்சது, ஒழுங்கா ஒக்கார மாட்டேங்குது" என்றான் மாரி.

"ஒரே தட்டுதாண்டா. பிடிச்சு ஒக்கார வச்சுட்டுக் கைய எடுத்துடு."

நான் சீட்டில் ஏறினேன். அவன் முன்னால் குனிந்து சாக்கெட்டை போல்ட் தலையில் அழுத்திப் பிடித்தான். பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அப்போது பண்ணையார் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆமா, ஒங்க பொண்ணுக்கு இன்டர்வியூ என்னிக்கு?"

இரண்டு மாதமாக நான் காத்திருந்த கேள்வி.

"வர்ற புதங்கிழமைங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சாவியைத் திருப்பினேன்.

"கை வெளியே" என்று மாரி சொல்லவில்லை. நான் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. ஸ்டாப் நாப் உள்ளேயே இருந்தது. ஸ்டார்ட்டர் சுண்டியதும் இன்ஜின் பிடித்து ஓடியது. கைப்பிடி முட்டிலிருந்து தெறித்து, அவன் வலது கையை முன் ஆக்ஸிலோடு சேர்த்து அடித்தது. நான் நாபை இழுத்து நிறுத்த நாலைந்து வினாடி ஆகியிருக்கும்.

போல்ட் கழன்று கீழே கிடந்தது. மரையில் ஒரு சேதமும் இல்லை.

பண்ணையார் காரைக் கொடுத்தார். இல்லை என்று சொல்ல மாட்டேன். "சீட்டுல சாக்கு விரிச்சுக்கங்க" என்றும் சொன்னார். கதவைச் சாத்தும்போது குனிந்து, "வேற ஆள் யாரு இருக்கா டவுன்ல, புல்லிய மாட்டிக் குடுக்க?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். தெரியாது என்றேன். அன்று நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதுவும் யோசித்துச் செய்ததில்லை. மாரியின் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தேன், பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா

மூன்று விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். வராந்தாவில் என் கைரேகைகளில் கிரீஸும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தன. பைப்பில் போய்க் கழுவலாம் என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தை நான் கேட்கவில்லை, பண்ணையாரும் கொடுக்கவில்லை. கயல்விழிக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. மறு வருடம் மார்க்கிலேயே கிடைத்தது. கடிதமே வேண்டியிருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. இப்போது அவள் திருப்பனந்தாள் பக்கம் ஒரு பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போகிறாள். மாலை பஸ் கால் மணி நேரம் பிந்தினாலும் நான் சாலைக்கு வந்துவிடுகிறேன். மாரி இடது கையால் ஸ்பேனர் பிடிக்கப் பழகினான். ஒருமுறைகூட அந்தச் சாவியைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதைப் படிக்கும் தொழில்காரர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். வராத போல்ட்டுக்கு எண்ணெயும் சூடும் நேரமும் கொடுங்கள். நேரம் இல்லை என்று ஒருவர் அவசரப்படுத்தினால் அந்த அவசரம் எதற்கு என்று கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. பதில் தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலரை மணி வாக்கில் அஞ்சலை வந்தாள். வயலிலிருந்து நேராகப் பஸ் ஏறியிருக்க வேண்டும். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் பேசியபோது நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"ரெண்டு மணிக்கு கோர்ட்டு அமீனா வந்துட்டாருண்ணே. தடை குடுத்துட்டாங்க. பயிரு அப்படியே நிக்கிது, ஒரு நாத்து சாயல. நீங்க ரெண்டு பேரும் வேணும்னே வண்டியக் கெடுத்துப் போட்டீங்கன்னு தெருவே பேசுது. அவன் என் தம்பி, செஞ்சான். நீங்க எங்களுக்கு என்ன ஒறவா, மொறையா? பொண்ணோட படிப்பக்கூடப் பாக்காம நின்னீங்களே. தை பொறந்து அறுத்ததும், மொத மரக்கா நெல்லு ஒங்க வீட்டுக்குத்தாண்ணே."