ஈரம் படாமல் தேய்த்த கதவு

அமெரிக்காவில் பழைய சன்னல் ஒன்றின் சாயத்தைச் சுரண்டப் போனால் தரையெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பு, வாசலில் எச்சரிக்கைப் பலகை, நமக்கு வெள்ளை உடுப்பு, முகமூடி. ஏதோ பேயோட்டப் போகிற மாதிரி. சொந்தமாகச் சாயம் அடிக்கும் கம்பெனி தொடங்கிய புதிதில் ஒரு வீட்டுக்காரம்மா, "சான்றிதழ் இருக்கா?" என்றார். வேலை செய்த வீடுகளின் படங்களைக் காட்டினேன். தலையாட்டவில்லை. பயிற்சி முடித்த அட்டையை நீட்டினேன். "இது உங்களுக்கு. உங்க கம்பெனிக்கு?" என் கைமேல் நம்பிக்கை இல்லையாக்கும் என்று முகம் சுண்டித் திரும்பினேன். பழைய வீட்டுச் சாயத்தில் ஈயம் இருக்குமாம், அதன் தூள் குழந்தைகளுக்கு விஷமாம். ஆளுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று இரண்டு சான்றும் வேண்டுமாம். வாங்கிய பிறகுதான் உள்ளே விட்டார்.

அந்த வீட்டில் ஒரு காலை, உடுப்பை மாட்டும்போது தம்பி செல்வம் வீடியோவில் வந்தான். மலேசியாவில், பாரோயில் அவன் வீட்டில், அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். "அண்ணே, பாரு லா! தீபாவளிக்குள்ள நம்ம கதவு புதுசாயிடும்."

நம்ம கதவு என்றால், லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்த லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்தபோது அவன் லோரியில் ஏற்றி வந்த கதவு. அப்பாவுக்கு ரப்பர் ஆலையில் வேலை. இயந்திரத்துக்கு அடித்த செம்மஞ்சள் சாயம் மிஞ்சினால் லயத்துக் கதவுக்கு வரும், அதிலும் மிஞ்சினால் தொட்டில் கட்டைக்கு. "இரும்பையே காப்பாத்துது, கட்டையைக் காப்பாத்தாதா?" என்பார் அப்பா. பயிற்சி வகுப்பில் அதே நிறத்தைக் காட்டி, இரும்புக்கு அடிக்கும் இதில் ஈயம் அதிகம் என்றபோதே எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது.

செல்வம் உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தான். மேலே அடித்திருந்த பச்சைச் சாயத்துக்கு அடியிலிருந்து அந்தச் செம்மஞ்சள் தூளாகக் கொட்டியது. அவன் மகள், தவழும் குழந்தை, அதில் உள்ளங்கையை அப்பி வாயில் வைத்தாள்.

"நிறுத்துடா! பாப்பாவைத் தூக்கு!"

"என்னண்ணே, நாம கடிச்சு வளர்ந்த கதவுதானே? அமெரிக்கா போயி சாயத்துக்கே பயந்துட்டியா?"

"தூள் பறக்காம தண்ணியாவது தெளிச்சியா?"

"ஈரத்துல தேய்ச்சா சாயம் பிடிக்காதுன்னு அப்பா சொல்வாரே, மறந்துட்டியா?"

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். மறுநாள் கிளினிக்கில் ஈயம் கலந்திருக்கிறதா என்று பார்க்கக் குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. "சாப்பிடுறா, விளையாடுறா, நல்லாத்தான் இருக்கா லா" என்கிறான். இப்போது அவனும் சிரிப்பதில்லை.

இன்று இந்த வீட்டு வேலை முடிந்தது. சன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைத்து, துணி வெளுப்பாக வரும்வரை பார்த்து, விரிப்பைச் சுருட்டினேன். வாசலில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் கழற்றியதும் வீட்டுக்காரம்மா பேரனின் கையைப் பிடித்து நிம்மதியாக உள்ளே போனார். நான் பலகையை வண்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். இதை மாட்ட வேண்டிய வாசல் பாரோயில் இருக்கிறது.