அழுக்குக் கூடையில் ஒரு குருவி

தெருவே அவளைச் சிக்கக்கா என்றுதான் கூப்பிடும். முன்பு அழகு நிலையத்தில் வேலை பார்த்தவள். எந்தத் தலை எப்படிச் சடைபிடித்து வந்தாலும் ஒரு முடி அறாமல் சிக்கெடுத்துவிடுவாள். அந்தக் கைக்காகவே, குருவிகளை வலையில் பிடித்து ஆராயும் கடற்கரைப் பறவை நிலையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கூந்தலும் வலையில் மாட்டிய குருவியும் ஒன்றுதான், குருவி மட்டும் கொத்தும், டிப்ஸ் தராது என்பாள்.

இலையுதிர் காலம் வந்தால் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. கடல் தாண்டி வரும் குருவிகள் கரையைக் கண்டதும் புதருக்குள் பொத்தென்று விழும். வலையில் அகப்பட்டதை எடுத்துத் துணிப்பையில் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்து, கொட்டகை ஆணியில் மாட்டுவாள். இருட்டில் அது சத்தம் காட்டாமல் அடங்கிக் கிடக்கும். நிலையத்து ஆபீசர் அதன் காலில் அடையாள எண் வளையம் போட்டுப் பறக்கவிடுவார். எச்சம் பட்ட காலிப் பைகள் கூடையில் சேர்ந்து வீட்டு வாஷிங் மெஷினுக்குப் போகும். வெளியூர்க் குருவிக்கெல்லாம் நான்தான் ஆயா என்று, துவைத்துப் போடும் நாத்தனார் தினமும் குத்திக்காட்டுவாள்.

அன்றைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழையில் வலை விரிந்திருந்தால் மாட்டியது விறைத்தே செத்துவிடும். சிக்கக்கா ஓடி ஓடிச் சுருட்டினாள். கடைசி வலையில் இரண்டு. ஒன்றை ஆணியில் மாட்டினாள். மற்றதை மாட்டுவதற்குள் காற்று ஜன்னலை அறைந்து திறந்தது. பையைக் கூடைமேல் வைத்துவிட்டு ஜன்னலோடு மல்லுக்கட்டினாள். ஆபீசர் பார்க்காமல் காலிப் பைகளை அதன்மேல் போட்டார். மழை பிடிக்குமுன் போய்விடுகிறேன் என்று, அழுக்கை எடுக்க வந்திருந்த புருஷன் கூடையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

அப்புறம்தான் கேட்டாள்.

"சார், அந்தக் குட்டி கதிர்க்குருவிக்கு வளையம் போட்டாச்சா?"

"எந்தக் குட்டி?"

அவள் கூடை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்; கூடை போயிருந்தது. கட்டைவிரல் பருமன், கூடையைத் தூக்கியவனுக்குக் கனம் தெரிந்திருக்குமா? புருஷனின் போன் அணைந்திருந்தது. நாத்தனாரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீசரின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்து மிதித்தாள். மழை முகத்தில் அறைந்தது. கடலையே தாண்டி வந்தது, ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரிலா போகவேண்டும்?

வீடு உள்ளே தாழிட்டிருந்தது. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கதவை இடித்தாள். மறுபடி இடிக்கக் கை ஓங்கியபோது கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை அவளை உள்ளே இழுத்தது.

"கத்தாதீங்க அண்ணி. மேல பாருங்க."

திரைச்சீலைக் கம்பியில் அது உட்கார்ந்திருந்தது, அலகைப் பிளந்துகொண்டு. மின்விசிறி நின்றிருந்தது, ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன. நாத்தனார் தொப்பலாக வியர்த்திருந்தாள். போன தடவை இறகு போய்க் குழாயை அடைத்ததிலிருந்து ஒவ்வொரு பையையும் உதறித்தான் மெஷினில் போடுகிறாளாம். உதறியதும் இது மூஞ்சியில் பறந்ததாம். பாய்ந்து போய் விசிறியை நிறுத்தினாளாம். போன் அடித்ததும் அது பயந்து சுவரில் மோதியதால், போனைத் தலையணைக்கடியில் புதைத்தாளாம்.

சிக்கக்கா ஸ்டூலில் ஏறினாள். மூச்சை அடக்கிப் பொத்திப் பிடித்தாள். இறக்கையை மெல்ல விரித்துப் பார்த்தாள். முறியவில்லை. ஒரு துணிப்பையில் போட்டுச் சுருக்கை இழுத்தாள்.

ஆபீசர் போனில் வளையத்தை நினைவூட்டினார். "இன்னைக்கு அதுக்கு நகை போட்டுக்கற மனசில்ல சார்" என்று வைத்துவிட்டாள்.

மழை விட்டதும் இருவரும் கொல்லைப் புதருக்குப் போனார்கள். பையை நாத்தனாரே திறந்தாள். குருவி ஒரு நொடி அவள் விரலில் நின்று, விர்ரென்று போயிற்று.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சோப்புத் தண்ணி தெறிச்சுடுச்சு அண்ணி."

மெஷின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. சிக்கக்கா தன் முந்தானையை நீட்டினாள்.