ஓம் எண்டு தலையாட்டாத நாள்

எனக்குக் காது கேளாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஆக்களின்ரை உதட்டைப் பாத்துத்தான் கதையை விளங்கிக்கொள்ளுவன்.

அதிலை ஒரு கரைச்சல். ‘பாடு’ எண்டாலும் ‘மாடு’ எண்டாலும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். விளங்காட்டி, ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திடுவன்.

இண்டைக்குக் கிளினிக்கிலை என்ரை கழுத்துக் கட்டியின்ரை றிப்போட் வந்தது. டொக்டர் மாஸ்க்கைக் கழட்டிப்போட்டு வடிவாத்தான் சொன்னா.

"பயப்பிட" வரைக்கும் பிடிச்சன். மிச்சம் நாக்குக்குள்ளை நடந்தது, உதட்டிலை பிடிபடேல்லை.

என்ரை தலை தன்பாட்டிலை ஆடத் தொடங்கிச்சுது. பிடிச்சு நிப்பாட்டினன்.

"விளங்கேல்லை டொக்டர், எழுதித் தாங்கோ" எண்டு கிளினிக் கொப்பியை அவவின்ரை பக்கம் தள்ளினன்.

குண்டு குண்டாத் தமிழிலை எழுதினா: "பயப்பட ஒன்றுமில்லை. இது புற்றுநோய் இல்லை."

வீட்டை போக உரும்பிராயிலை பஸ்ஸாலை இறங்கும்வரை கொப்பியை மூடேல்லை.

பிறகுதான் யோசினை வந்தது. இவ்வளவு காலமும் ஆராருக்கு, என்னென்னத்துக்கெல்லாம் ஓம் சொல்லியிருப்பன்?

என்னட்டை ஓம் வாங்கின ஆக்கள் எல்லாரும் என்னத்துக்கெண்டு கீழை கொமென்ட்டிலை எழுதுங்கோ. இந்தமுறை வாசிச்சுப்போட்டுத்தான் தலையாட்டுவன்.