கெட்டித் தையல்

ஹைஃபாவில் எங்கள் நாடகக் கொட்டகையின் உடுப்பு அறையில் பிரோஷ்கா தைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். அவள் ஹங்கேரிக்காரி, நான் ருமேனியாக்காரி. இரண்டு பேருக்கும் கால் வீக்கம். பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் சட்டைப் பொத்தான் ஆடினால்கூட அவள் பையிலிருந்து ஊசியை எடுத்துவிடுவாள். மானம் போகிறதே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வருஷத்துக்கு ஒரு போர்க்கால நாடகமாவது வந்துவிடும். மறுபடியும் சாம்பல் நிறக் கோட்டுகள், மறுபடியும் மஞ்சள் துணி. அலுத்துப்போயிற்று. நாங்கள் பட்டதை, இங்கேயே பிறந்து ஆரஞ்சு தின்று வளர்ந்த பிள்ளைகள் எங்களுக்கே சொல்லிக்காட்டுவார்கள்.

எழுபத்து நாலில் வந்த இயக்குநர் அவிஷாய்க்கு முப்பது வயது இருக்கும். அப்பா வேஷம் கட்டும் மெனாஷேயின் கோட்டைக் கிழித்துக் கசக்கி வைக்கச் சொன்னான்.

"கிழிசல் எதுக்கு தம்பி?" என்றாள் பிரோஷ்கா. "எங்கப்பா காலர் கடைசி நாள் வரைக்கும் கஞ்சி போட்டு மொடமொடன்னு இருந்துச்சு."

"பாக்கறவங்களுக்குப் பாவமா இருக்கணுமே."

"கஞ்சி போட்டா பாவம் போயிடுமா?" என்று கேட்டேன். கோட்டு இஸ்திரியோடு தப்பித்தது.

அடுத்த தகராறு நட்சத்திரம். யூதர்கள் மார்பில் மஞ்சள் நட்சத்திரத்தைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் தைத்திருக்க வேண்டும் என்பது நாஜிகள் காலத்து உத்தரவு. நாடகத்தில் போலீஸ்காரன் அப்பாவைத் தெருவில் நிறுத்தி அதன் அடியில் பென்சிலை விடுவான். பென்சில் நுழையும். அதையே சாக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு போவான். அப்படிப் போனவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். இரண்டாம் அங்கத்தில் மகள் ஹைஃபாவுக்கு வந்து, கல்யாணமாகி, யாரோடும் பேசாமல் இருப்பாள்.

ஒத்திகையைக் குண்டூசி குத்தியே ஓட்டினார்கள். "முதல் நாளுக்குத் தெச்சுடுங்க. ஒரு பக்கம் மட்டும் லூசா," என்றான் அவிஷாய். பிரோஷ்கா தலையாட்டினாள். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. என்னடி என்றால், பல்வலி என்றாள்.

முதல் நாள் நாங்கள் இருவரும் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றோம். போலீஸ்காரனாக வந்த கிடியோன் பென்சிலை நீட்டினான். நுழையவில்லை. மறுபடி குத்தினான். முனை ஒடிந்தது. பார்வையாளர் மாடியிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "கெட்டியாத்தானேய்யா தெச்சிருக்கு! விடுய்யா அந்த மனுஷனை!" இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கிடியோனுக்கு வியர்த்துவிட்டது.

"சரி... போ," என்றான்.

மெனாஷே தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா வீடு திரும்பிய பிறகு இரண்டாம் அங்கத்துக்கு ஏது வேலை? திரையை இறக்கினார்கள்.

அவிஷாய் ஓடி வந்தான். "சொன்னது என்ன, செஞ்சது என்ன? என் நாடகத்தையே கெடுத்துட்டீங்களே!"

பிரோஷ்கா நிமிரவில்லை. "எங்கப்பாவுக்கு நான்தான் தெச்சேன். பதினோரு வயசு. விளையாடப் போற அவசரத்துல நாலே தையல். பென்சில் உள்ள போயிடுச்சு, தம்பி. இன்னொரு வாட்டி என்னால அப்படித் தைக்க முடியாது. வேற ஆளைப் பாத்துக்கோ."

பதினாறு வருஷம் ஒரே பாத்திரத்து டீயைக் குடித்திருக்கிறோம், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"கெட்டியாவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவிஷாய் போனான்.

மறுநாள் கிடியோன் பென்சிலை விட்டுப் பார்த்தான். நுழையவில்லை. பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "நட," என்று மெனாஷேயின் தோளைப் பிடித்துத் தள்ளினான். மாடியில் யாரும் கத்தவில்லை.

பிரோஷ்கா என் கையைப் பிடித்தாள். "கெட்டியாத் தெச்சிருந்தாலும் எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போயிருப்பானாடி?"

"போயிருப்பான். எங்க தெருவுல அத்தனை பேருக்கும் கெட்டித் தையல்தான். ஒருத்தரும் திரும்பல."

கிடைத்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "முப்பது வருஷம்," என்றாள்.

இரண்டாம் அங்கத்துக்கான உடுப்புகளை அன்று நானே எடுத்துக் கொடுத்தேன்.